ஜப்பானியச் சட்டத்தை அயல்நாட்டார் பயின்ற வரலாறு: மொழிபெயர்ப்பிலிருந்து மொழிக்கல்விக்கு

ஆய்வுச் சுருக்கம்

ஜப்பானியச் சட்டம் பிறநாட்டுக் கல்விப்புலங்களில் ஆய்வுப்பொருளாக உருவான வரலாற்றை, 1858ஆம் ஆண்டு உடன்படிக்கைகள் தொடங்கி நகோயாப் பல்கலைக்கழகத்தின் அண்மைக்கால முயற்சிகள் வரை இக்கட்டுரை ஆராய்கிறது. எந்த நூல்கள் எந்த மொழியில் கிடைத்தனவோ அவையே அயல்நாட்டு ஆய்வாளர்களின் வினாக்களை வடிவமைத்தன என்பதும், பிழையான முடிவுகள் திருத்தம் பெற்றது ஜப்பானிய மூலங்களை நேரடியாகப் படித்தவர்களால்தான் என்பதும் இக்கட்டுரையின் வாதமாகும்.

திறவுச்சொற்கள்: ஜப்பானியச் சட்டம், ஒப்பீட்டுச் சட்டவியல், சட்ட மொழிபெயர்ப்பு, கவாஷிமா, விக்மோர், நகோயாப் பல்கலைக்கழகம்

உடன்படிக்கைகளும் சட்டத் தொகுப்புகளும்

ஜப்பான் தன் சட்டத்தை அயல்நாட்டார் படிக்கவேண்டும் என விரும்பியதற்கு முதற்காரணம் கல்வி வளர்ச்சி அன்று, இறையாண்மை. 1858இல் அமெரிக்கா, நெதர்லாந்து, ரஷ்யா, பிரிட்டன், பிரான்ஸ் ஆகிய ஐந்து நாடுகளுடன் தொக்குகாவா ஆட்சி உடன்படிக்கைகள் செய்துகொண்டது. ஜப்பானிய மண்ணில் குற்றம் புரிந்த அயல்நாட்டவரை அவரவர் நாட்டுத் தூதரகமே விசாரிக்கும் அதிகாரத்தை அவை வழங்கின. தம் குடிமக்களை ஒப்படைக்கத்தக்க சட்டமும் நீதிமன்றமும் ஜப்பானில் இல்லை என்பது மேலை நாடுகள் கூறிய நியாயம். இந்நிலையை மாற்றவேண்டுமாயின் மேலை நாடுகள் ஏற்கும் வகையில் சட்டம் இயற்றினால் மட்டும் போதாது. அது இயற்றப்பட்டிருப்பதை அவர்கள் மொழியிலேயே காட்டவும் வேண்டியிருந்தது.

1886-87ஆம் ஆண்டுகளில் வெளியுறவு அமைச்சர் இனோவுவே கவோரு வல்லரசுகளுடன் நடத்திய பேச்சுவார்த்தையில் இது வெளிப்படையான நிபந்தனையாகவே இடம்பெற்றது. மேலைநாட்டு நெறிமுறைப்படி சட்டத் தொகுப்புகளை ஜப்பான் ஆக்கவேண்டும். அவற்றின் ஆங்கில வடிவத்தை வல்லரசுகளுக்குத் தெரிவிக்கவேண்டும். நீதிமன்றங்களில் அயல்நாட்டு நீதிபதிகளும் அமரவேண்டும். இத்திட்டத்தை எதிர்த்தவர்களுள் ஒருவர், ஜப்பானிய அரசின் சட்ட ஆலோசகராகவே பணியாற்றிய பிரெஞ்சு அறிஞர் குஸ்தாவ் பொய்சோனாட் என்பது குறிப்பிடத்தக்கது. எதிர்ப்பு வலுத்ததால் 1887இல் இனோவுவே பதவி விலகினார்.

பொய்சோனாட் 1873இல் ஜப்பானுக்கு வந்தவர். 1882இல் நடைமுறைக்கு வந்த தண்டனைச் சட்டத் தொகுப்புக்கு அவருடைய வரைவே அடிப்படை. உரிமையியல் சட்டத் தொகுப்பில் சொத்து, கடப்பாடு பற்றிய பகுதிகளையும் அவரே வரைந்தார். அவர் வரைந்தது பிரெஞ்சு மொழியில். அது பின்னரே ஜப்பானிய மொழிக்குப் பெயர்க்கப்பட்டது. ஜப்பானியருக்கு முன்னரே ஜப்பானியச் சட்ட வரைவைப் பிரெஞ்சுக்காரர் படித்துவிட இயன்றது என்னும் விந்தையான நிலை அது. 1890இல் வெளியிடப்பட்ட அத்தொகுப்பு, குடும்ப மரபைக் குலைப்பது என்னும் கண்டனத்துக்கு ஆளாகி 1892இல் ஒத்திவைக்கப்பட்டது. ஹொசுமி நொபுஷிகே, தொமீ மசாகி, உமே கென்ஜிரோ ஆகிய மூவரும் புதிய தொகுப்பை வரைந்தனர். முதல் மூன்று பகுதிகள் 1896இலும் எஞ்சிய இரண்டும் 1898இலும் வெளியாயின. 1898 ஜூலை 16 முதல் முழுத்தொகுப்பும் நடைமுறைக்கு வந்தது. 1894இல் பிரிட்டனுடன் கையெழுத்தான புதிய உடன்படிக்கை அதற்கு ஓராண்டுக்குப் பின், 1899 ஜூலையில் செயல்படத் தொடங்கியபோது தூதரக நீதி அதிகாரம் முடிவுக்கு வந்தது. தோக்கியோவில் பணியாற்றிய ஜெர்மானியரான லுட்விக் லோன்ஹோல்ம் இப்புதிய தொகுப்பின் ஆங்கில மொழிபெயர்ப்பை 1898இலேயே வெளியிட்டிருந்தார். ஜப்பானில் வாழவும் வணிகம் செய்யவும் இனி அச்சட்டத்துக்கே கட்டுப்படவேண்டியிருந்த அயல்நாட்டவர்க்கு அது உடனடித் தேவையாக இருந்தது.

இருவர் காட்டிய இரு ஜப்பான்கள்

இக்காலத்தில் ஜப்பானியச் சட்டத்தை வெளியுலகுக்கு விளக்கியவர்களுள் இருவர் முதன்மையானவர்கள். ஒருவர் ஹொசுமி, மற்றொருவர் ஜான் ஹென்றி விக்மோர் என்னும் அமெரிக்கர். இருவரும் காட்டிய ஜப்பான் ஒன்றன்று.

லண்டனிலும் பெர்லினிலும் சட்டம் பயின்ற ஹொசுமி, 1904இல் செயின்ட் லூயி நகரில் கூடிய அறிவியல் கலைப் பேரவையில் புதிய உரிமையியல் தொகுப்பைப் பற்றி உரையாற்றினார். உலகச் சட்டங்களைக் குடும்பங்களாகப் பகுத்து, சீனச் சட்டக் குடும்பத்திலிருந்து ஐரோப்பியச் சட்டக் குடும்பத்துக்கு ஜப்பான் ஒரு தலைமுறைக் காலத்தில் இடம்பெயர்ந்தது என அவர் விளக்கினார். பல நாட்டுச் சட்டங்களை ஒப்புநோக்கி ஆக்கப்பட்டதால் அத்தொகுப்பு ஒப்பீட்டுச் சட்டவியலாருக்குத் தக்க ஆய்வுப்பொருள் என்பது அவர் முன்வைத்த கருத்து. அதேவேளை, முன்னோர் வழிபாடு ஜப்பானியச் சட்டத்தில் நீடிப்பதைப் பற்றி 1901இல் அவர் ஆங்கிலத்தில் தனிநூலும் வெளியிட்டார். ஐரோப்பியர் வியந்து கேட்க விரும்பியது எது, மதித்து ஏற்கவேண்டியது எது என்பதை ஹொசுமி நன்கறிந்திருந்தார் என்று கருத இடமுண்டு.

விக்மோர் 1889இல் கெய்யோ கல்விக்கூடத்தில் ஆங்கில அமெரிக்கச் சட்டம் கற்பிக்க வந்தவர். வந்த இடத்தில் அவர் கவனத்தை ஈர்த்தது புதிய தொகுப்பன்று. தொக்குகாவா கால வழக்காறுகளும் தீர்ப்பு ஆவணங்களும். நாடெங்கும் நிலவிய உரிமையியல் வழக்காறுகளை நீதி அமைச்சகம் திரட்டி 1880இல் வெளியிட்டிருந்த தொகுப்பை உதவியாளர்களைக் கொண்டு ஆங்கிலத்துக்குப் பெயர்த்து, பழைய ஜப்பானின் தனியார் சட்டம் பற்றிய ஆவணங்களை 1892இல் வெளியிட்டார். முன்தீர்ப்புகளைப் பின்பற்றும் வழக்கம் தொக்குகாவா நீதிமன்றங்களில் தானாகவே வளர்ந்திருந்தது என்பதும், அது ஆங்கிலப் பொதுச்சட்ட வளர்ச்சியோடு ஒப்பிடத்தக்கது என்பதும் அவருடைய துணிபு. சட்டமே இல்லாத நாடு என்று மேலை நாடுகள் கூறிவந்த அதே நாட்டில் இரண்டரை நூற்றாண்டுக் காலத் தீர்ப்பு மரபு இருந்ததை எடுத்துக்காட்டியவர் ஓர் அயல்நாட்டவர். அன்றைய ஜப்பானிய அரசோ அம்மரபை மறக்கவே முனைந்து நின்றது.

1892இல் தாய்நாடு திரும்பிய விக்மோர், நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகச் சட்டப்பள்ளியின் தலைவராக 1901 முதல் 1929 வரை பணியாற்றினார். 1934இல் நிறுவப்பட்ட பன்னாட்டுப் பண்பாட்டு உறவுக் கழகம் என்னும் ஜப்பானிய அமைப்பு, நின்றுபோன அவருடைய மொழிபெயர்ப்புப் பணியைத் தொடர அழைத்ததன்பேரில் 1935இல் மீண்டும் ஜப்பான் சென்றார். அவர் 1943இல் மறைந்தார். அப்பணி முழுமையாக அச்சேறியது தோக்கியோப் பல்கலைக்கழகப் பதிப்பகம் 1967 முதல் 1986 வரை வெளியிட்ட தொகுதிகளில்தான். தொடங்கியவர் காணாத அத்தொகுதிகளை, அதற்குள் முற்றிலும் வேறான வினாக்களோடு வந்திருந்த தலைமுறையொன்று பெற்றுக்கொண்டது.

போர் தந்த மொழியறிவு

இரண்டாம் உலகப்போர் ஜப்பானிய மொழியறிந்த அமெரிக்கர்களைப் பெருமளவில் உருவாக்கியது. பகைவர் மொழியைக் கற்பிக்க அமெரிக்கப் படைகள் நிறுவிய பள்ளிகளில் பயின்றவர்கள், போருக்குப்பின் ஜப்பானிய வரலாறு, இலக்கியம், அரசியல் ஆகிய துறைகளின் முன்னோடிகளாயினர். சட்டத்துறையில் அவர்களுள் முதன்மையானவர் டான் ஃபென்னோ ஹெண்டர்சன். மிச்சிகனில் இராணுவ மொழிப்பள்ளியில் ஜப்பானியம் கற்ற அவர், 1962இல் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஆசியச் சட்டத் திட்டத்தைத் தொடங்கினார். தொக்குகாவா காலச் சமரச முறைக்கும் தற்காலச் சமரச முறைக்கும் உள்ள தொடர்பை ஆராயும் அவருடைய இருதொகுதி நூல் 1965இல் வெளியாயிற்று.

அதற்கு முன்னரே, 1954இல், ஃபோர்டு அறக்கட்டளையின் நிதியுதவியுடன் ஹார்வர்டு, மிச்சிகன், ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகங்கள் ஜப்பானியப் பல்கலைக்கழகங்களோடு சட்ட ஆய்வுக் கூட்டுறவுத் திட்டமொன்றைத் தொடங்கியிருந்தன. கூட்டுறவு எனப் பெயர் பெற்றிருந்தாலும் போக்குவரத்து பெரும்பாலும் ஒருதிசையில்தான் அமைந்தது. அமெரிக்கச் சட்டம் கற்கச் சென்ற ஜப்பானியர் பலர், ஜப்பானியச் சட்டம் கற்க வந்த அமெரிக்கர் சிலர். எனினும் அவ்வாறு சென்ற ஜப்பானியப் பேராசிரியர்களின் துணையால்தான் 1961இல் ஹார்வர்டில் ஜப்பானியச் சட்டம் பற்றிய கருத்தரங்கு கூட இயன்றது. அதன் கட்டுரைகள் ஆர்தர் ஃபான் மெரனைப் பதிப்பாசிரியராகக் கொண்டு 1963இல் நூலாயின. பல ஆண்டுகள் ஆங்கிலம் மட்டுமே அறிந்த வாசகர்க்கு ஜப்பானியச் சட்டம் என்பது பெரும்பாலும் இந்நூலாகவே இருந்தது. 1967இல் தொடங்கிய ‘ஜப்பானில் சட்டம்’ என்னும் ஆண்டிதழ் ஜப்பானியப் பேராசிரியர்களின் கட்டுரைகளை மொழிபெயர்த்து வெளியிட்டு அந்த வட்டத்தைச் சற்று விரித்தது.

கவாஷிமாவின் கட்டுரையும் அதன் மறுவாழ்வும்

1963ஆம் ஆண்டு நூலில் தோக்கியோப் பல்கலைக்கழகச் சட்டச் சமூகவியலாளர் கவாஷிமா தக்கேயோஷி எழுதிய கட்டுரையொன்று, ஜப்பானியச் சட்டம் பற்றி அயலகத்தில் மிகுதியாக எடுத்தாளப்பட்ட எழுத்துகளுள் ஒன்றாயிற்று. ஜப்பானியர் வழக்காடுவதை விரும்புவதில்லை என்பது அதன் மையக்கருத்து. உரிமை, கடமை ஆகியவற்றைத் திட்டவட்டமாக வரையறுப்பதைவிட உறவு குலையாமல் பேசித் தீர்ப்பதையே மரபான சமூக உணர்வு நாடுகிறது. ஆகவே நீதிமன்றத்தைக்காட்டிலும் சமரசம் செழிக்கிறது என அவர் வாதிட்டார். தகராறு எழுந்தால் இருதரப்பும் நல்லெண்ணத்துடன் கலந்து பேசவேண்டும் என்று மட்டும் கூறிவிட்டு நிற்கும் ஜப்பானிய ஒப்பந்தங்களை இவ்வுணர்வின் அடையாளமாக அவர் சுட்டினார். இக்கருத்தை விரித்து 1967இல் அவர் ஜப்பானிய மொழியில் எழுதிய ‘ஜப்பானியரின் சட்ட உணர்வு’ என்னும் சிறுநூலும் பரவலாகப் படிக்கப்பட்டது.

கவாஷிமாவின் நோக்கம் எதுவாக இருந்தது என்பதை இங்கு நின்று பார்க்கவேண்டும். அவர் தம் நாட்டின் இணக்க மரபைப் போற்றியவரல்லர்; போருக்கு முந்திய குடும்ப அமைப்பைக் கடுமையாகச் சாடியவர். உரிமை உணர்வு முதிராததை ஜப்பானிய நவீனமயத்தின் குறையாகவே அவர் கண்டார்; சமூகம் நவீனமாகும்தோறும் வழக்காடலும் பெருகும் என எதிர்பார்த்தார். ஜப்பானிய வாசகருக்கு அது ஒரு கண்டனம். ஆங்கில வாசகருக்கோ அது தேசிய இயல்பு பற்றிய விளக்கமாக வந்துசேர்ந்தது. வழக்குகள் பெருகிவருவதாகக் கவலைகொண்ட அமெரிக்கர்க்கு, சண்டையிடாத ஜப்பான் ஒரு முன்மாதிரியாகவும் தோன்றியது. எழுதியவர் குறை என்றதைப் படித்தவர் குணமென ஏற்றனர். அவருடைய பிற எழுத்துகளும் அவற்றை மறுத்த ஜப்பானிய எழுத்துகளும் மொழிபெயர்க்கப்படாத நிலையில், இப்பிறழ்ச்சியைக் கண்டறியும் வழி அவ்வாசகர்க்கு இல்லை.

1978இல் ஹெண்டர்சனின் வாஷிங்டன் திட்டத்தைச் சேர்ந்த ஜான் ஹேலி வெளியிட்ட கட்டுரை இக்கருத்தை ஒரு தொன்மம் என்று தலைப்பிலேயே சாடியது. கவாஷிமாவின் கருத்தை அவர் எதிர்த்த முறை எளியது: ஜப்பானிய நீதிமன்றப் புள்ளிவிவரங்களைத் தேடிப் படித்தார். போருக்கு முன், மரபுணர்வு மிகுதியாக இருந்திருக்கவேண்டிய காலத்தில், மக்கள்தொகை விகிதப்படி வழக்குகள் கூடுதலாக இருந்தன. போருக்குப்பின், நவீனமயம் முன்னேறிய காலத்தில் குறைந்தன. 1922இல் நிலம், வீடு ஆகியவற்றின் குத்தகைக்கும் 1924இல் விவசாயக் குத்தகைக்கும் சமரசச் சட்டங்கள் இயற்றப்பட்டன. அவை மக்கள் வழக்காட விரும்பாததால் வந்தவையல்ல. வழக்காடியதைக் கண்டு அரசு கவலையுற்றதால் வந்தவை என்பது ஹேலியின் வாசிப்பு. மக்கள்தொகை பெருகியபோதும் நீதிபதிகளின் எண்ணிக்கை அதற்கேற்ப உயரவில்லை. வழக்கறிஞராகவோ நீதிபதியாகவோ விழைவோர் எழுதும் தேசியத் தேர்வில் ஆண்டுக்கு ஏறத்தாழ 500 பேரே தேர்ச்சி பெற்றனர். இவற்றோடு காலத்தாழ்வு, பிணைத்தொகை, தீர்ப்பை நிறைவேற்றும் அதிகாரத்தின் மெலிவு ஆகியவை சேர்ந்து வாயிலை அடைத்திருந்தன. மக்கள் தயங்கினார்கள் என்றால், தயங்கத்தக்க காரணம் நிறுவன அமைப்பிலேயே இருந்தது.

இவ்விவாதம் துறையையே வளர்த்தது. 1987இல் பிராங்க் அப்ஹம், மினமாத்தா முதலிய சூழல் மாசு வழக்குகளையும் பிற சமூகப் பூசல்களையும் ஆராய்ந்து, முறைசாராத் தீர்வுகள் அதிகார வர்க்கத்தின் பிடியைக் காக்கும் கருவிகள் என்றார். 1989இல் மார்க் ராம்சையரும் நக்காசாத்தோ மினோருவும் சாலை விபத்து இழப்பீடுகளை ஆராய்ந்தனர். நீதிமன்றம் எவ்வளவு வழங்கும் என்பதை இருதரப்பும் முன்னரே கணிக்க இயல்வதால், ஏறத்தாழ அதே தொகைக்கு வெளியிலேயே இசைந்துவிடுகின்றனர் என்பது அவர்கள் முடிவு. அதாவது வழக்கு இல்லாமையே சட்டம் செயல்படுவதன் சான்றாகலாம். இம்மூன்று விளக்கங்களும் ஒன்றையொன்று முழுமையாக வீழ்த்தவில்லை. ஆனால் மூன்றுக்கும் அடிப்படை ஜப்பானிய மொழியிலுள்ள தீர்ப்புகள், புள்ளிவிவரங்கள், களச்செய்திகள். மொழிபெயர்ப்பில் கிடைத்ததைக் கொண்டு மட்டும் இவற்றுள் ஒன்றையும் எழுதியிருக்க முடியாது.

ஆய்விருக்கைகளும் அவற்றின் பெயர்களும்

1970களில் ஜப்பானின் பொருளாதார வளர்ச்சியும் வணிகப் பூசல்களும் இத்துறைக்குப் பணத்தைக் கொண்டுவந்தன. 1972இல் மித்சுபிஷி நிறுவனங்கள் ஹார்வர்டு சட்டப்பள்ளியில் ஜப்பானியச் சட்டத்துக்கென ஓர் ஆய்விருக்கை நிறுவ அறக்கொடை வழங்கின. அதே ஆண்டில் ஜப்பான் அறக்கட்டளை என்னும் அரசுசார் அமைப்பும் தோன்றியது. 1980இல் கொலம்பியாப் பல்கலைக்கழகம் ஜப்பானியச் சட்ட ஆய்வு மையத்தைத் தொடங்கியது. கொடையாளர் பெயர் தாங்கிய இருக்கை எழுத்துக்கு விலங்கிடும் என்று பொதுப்படக் கூற முடியாது. மித்சுபிஷி இருக்கையில் அமர்ந்த ராம்சையர் ஜப்பானியர் தம்மைப்பற்றிக் கொண்டிருந்த பல நம்பிக்கைகளைக் கலைத்தவரே. எனினும் போர்க்கால இராணுவப் பாலியல் விடுதிகளுக்குக் கொண்டுசெல்லப்பட்ட பெண்கள் பற்றி, ஒப்பந்தக் கோட்பாட்டின் அடிப்படையில் அவர் எழுதிய கட்டுரை 2021இல் பெரும் எதிர்ப்பைச் சந்தித்தபோது இருக்கையின் பெயரும் பேசுபொருளாயிற்று. அக்கட்டுரையை ஆராய்ந்த வரலாற்றாசிரியர்கள் அதன் அடிக்குறிப்புகளிலிருந்த ஜப்பானிய மூலங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்து, மேற்கோள்கள் மூலத்தோடு பொருந்தாத இடங்களைப் பட்டியலிட்டனர். கட்டுரை வெளியான ஆங்கில இதழும் கவலைக்குறிப்பு ஒன்றை வெளியிட நேர்ந்தது.

ஐரோப்பாவின் அக்கறை வேறுவகையானது. ஜெர்மானியர் ஜப்பானிய உரிமையியல் சட்டத்தில் தம் சட்டத்தின் வழித்தோன்றலைக் கண்டனர். கித்தகாவா சென்தாரோ இதனை நுட்பமாக்கி, தொகுப்பின் வாசகம் ஓரிடத்திலிருந்தும் அதனை விளக்கும் கோட்பாடு ஜெர்மனியிலிருந்தும் வந்ததை 1970இல் ஜெர்மன் மொழியில் எழுதிய நூலில் விளக்கினார். அதே தொகுப்பில் பிரெஞ்சுச் செல்வாக்கு மறைக்கப்பட்டுவிட்டது என்பதை ஹோஷினோ எய்ச்சி ஜப்பானிய மொழியில் முன்னரே எழுதியிருந்தார். 1988இல் ஜெர்மன்-ஜப்பானியச் சட்டவியலாளர் சங்கம் உருவாயிற்று. ஹரால்ட் பாவ்ம் முன்னின்று தொடங்கிய ஜப்பானியச் சட்ட ஆய்விதழ் 1996 முதல் ஹாம்பர்க்கிலிருந்து ஜெர்மனிலும் ஆங்கிலத்திலும் வெளிவருகிறது. ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் பல்கலைக்கழக ஆசியச் சட்ட மையம் 1985இலும், ஜப்பானியச் சட்டத்துக்கான ஆஸ்திரேலிய வலையமைப்பு 2002இலும் தோன்றின.

அரசின் மொழிபெயர்ப்பு

இவ்வளவுக்குப் பின்னும் ஜப்பானியச் சட்டங்களின் ஆங்கில வடிவம் நெடுங்காலம் தனியார் பதிப்பகங்களின் கையிலேயே இருந்தது. ஒரே சட்டச்சொல் வெவ்வேறு மொழிபெயர்ப்புகளில் வெவ்வேறாக வழங்கியது. 2001இல் நீதித்துறைச் சீர்திருத்த மன்றம் சட்டங்களை மொழிபெயர்க்கும் தேவையை வலியுறுத்தியது. நகோயாப் பல்கலைக்கழகத்தின் பங்களிப்போடு உருவான தரப்படுத்திய சட்டச்சொல் இருமொழி அகராதி 2006இல் வந்தது. 2009 ஏப்ரலில் நீதி அமைச்சகம் சட்ட மொழிபெயர்ப்புத் தரவுதளத்தை இணையத்தில் திறந்தது. கட்டணமின்றி எவரும் காணலாம். அங்குள்ள எந்த மொழிபெயர்ப்பும் அதிகாரப்பூர்வமானதன்று, சட்ட வலு ஜப்பானிய மூலத்துக்கே உண்டு என்ற அறிவிப்பும் உடன் உள்ளது.

இத்தளத்தின் பயன் பெரிது. ஆயினும் அது தருவது சட்டத்தின் வாசகத்தை. 1896ஆம் ஆண்டுத் தொகுப்பின் பிரிவுகள் மிகச் சுருங்கியவை. நூற்றாண்டுக்கு மேற்பட்ட தீர்ப்புகளும் பேராசிரியர்களின் விரிவுரைகளும்தான் அவற்றுக்குப் பொருள் தருகின்றன. உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளுள் தேர்ந்தெடுத்தவை ஆங்கிலத்தில் கிடைக்கின்றன. கீழ்நீதிமன்றத் தீர்ப்புகளும் விளக்கவுரைகளும் பெரும்பாலும் கிடைப்பதில்லை. உரையாசிரியரைத் தொடாமல் நூற்பாவை மட்டும் படித்துத் தொல்காப்பியத்தை விளக்க முற்படுபவரின் நிலையே தரவுதளத்தை மட்டும் நம்பும் ஆய்வாளரின் நிலையும்.

நகோயாவின் வேறுவழி

இக்குறையை உணர்ந்து எதிர்த்திசையில் முயன்றது நகோயாப் பல்கலைக்கழகம். ஜப்பானிய அரசு 1996 முதல் வியட்நாமுக்கும் 1999 முதல் கம்போடியாவுக்கும் சட்டம் இயற்ற உதவும் திட்டங்களை நடத்திவந்தது. மொரிஷிமா அக்கியோ முதலிய பேராசிரியர்கள் கம்போடிய வல்லுநர்களுடன் இணைந்து வரைந்த உரிமையியல் தொகுப்பு 2007இல் வெளியிடப்பட்டு 2011இல் நடைமுறைக்கு வந்தது. ஜப்பானிய வரைவின் ஒவ்வொரு சொல்லுக்கும் ஈடான கெமர்ச் சொல்லை உறுதிசெய்வதே அப்பணியின் பெரும்பகுதியாக இருந்தது. மெய்ஜி ஜப்பான் பிரெஞ்சுச் சட்டத்தின்முன் நின்ற இடத்தில், நூற்றிருபது ஆண்டுகளுக்குப் பின் கம்போடியா ஜப்பானியச் சட்டத்தின்முன் நின்றது. இவ்வுதவி கல்வியா அயலுறவுக் கொள்கையா என்னும் வினா இங்கும் எழுகிறது. இரண்டுமே என்பதுதான் நேர்மையான விடை. 1898இலும் அவ்வாறே இருந்தது.

இத்தகைய திட்டங்கள் நடந்துவந்த காலத்தில் நகோயாவில் 2002இல் ஆசியச் சட்டப் பரிமாற்ற மையம் நிறுவப்பட்டது. ஆங்கிலவழியில் பயின்று செல்லும் ஆசிய மாணவர்கள், மொழிபெயர்க்கப்பட்ட அளவுக்கே ஜப்பானியச் சட்டத்தை அறிகின்றனர் என்பது அங்குள்ளோர் கண்ட குறை. எனவே மாணவர்களின் சொந்த நாட்டிலேயே ஜப்பானியச் சட்டக் கல்வி மையங்கள் அமைக்கப்பட்டன: 2005இல் தாஷ்கெந்து, 2006இல் உலான்பாத்தர், 2007இல் ஹனோய், 2008இல் புனோம் பென். தம் நாட்டுச் சட்டப் பட்டப்படிப்போடு இணையாக, எழுத்துப் பயிற்சியிலிருந்து தொடங்கி ஜப்பானிய மொழியையும், பின்னர் அம்மொழியிலேயே ஜப்பானிய வரலாற்றையும் சட்டத்தையும் மாணவர் கற்கின்றனர். சிறந்து தேறுவோர் முதுநிலைப் படிப்புக்கு நகோயா செல்கின்றனர்.

இவ்வழி மெதுவானது, செலவும் மிகுதி. ஓராண்டில் ஒரு மையத்திலிருந்து இவ்வாறு செல்வோர் ஒருசிலரே. ஆனால் அவர்கள் எழுதும் ஆய்வேடுகளின் வினாக்கள் அமெரிக்க, ஜெர்மானிய ஆய்வுகளின் வினாக்களல்ல. ஜப்பானியர் ஏன் வழக்காடுவதில்லை என்று அவர்கள் கேட்பதற்கில்லை. அரசுடைமைப் பொருளாதாரத்திலிருந்து வெளிவந்த நாட்டில் நில உரிமையைப் பதிவு செய்வது எவ்வாறு, நிர்வாகத்தின் ஆணையைக் குடிமகன் நீதிமன்றத்தில் எதிர்ப்பது எவ்வாறு என்பன போன்ற தம் நாட்டுச் சிக்கல்களோடு வந்து, ஜப்பானியத் தீர்ப்புகளையும் உரைநூல்களையும் மூலத்திலேயே அவர்களால் புரட்டிப் பார்க்க இயல்கிறது.